கேட்கும் நேரத்தில் அனுப்பும் ஆன்டெனாவைத் துண்டித்து இரைச்சலைக் குறைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

160 மீட்டர், 80 மீட்டர் பட்டைகளில் கேட்பதற்கென்று தனியாக ஓர் ஆன்டெனா அமைக்கும் அமெச்சூர் வானொலி நண்பர்கள், சில வாரங்களில் ஏறத்தாழ ஒரே வகையான ஐயங்களுடன் வருகிறார்கள். புதிய ஆன்டெனா எதிர்பார்த்த அளவுக்கு அமைதியாக இல்லை என்பதே அவற்றின் சாரம். பெரும்பாலும் குறை புதிய ஆன்டெனாவில் இருப்பதில்லை. அதன் அருகில் நிற்கும் பெரிய ஆன்டெனாவில்தான் இருக்கிறது. அந்த ஐயங்களை அவரவர் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். அலைபரப்பப் பயன்படுவதை ‘அனுப்பும் ஆன்டெனா’ என்றும், வாங்குவதற்கு மட்டும் பயன்படுவதைக் ‘கேட்கும் ஆன்டெனா’ என்றும் குறிப்பிடுகிறேன்.

அனுப்பும் ஆன்டெனாவிலேயே நன்றாகக் கேட்கிறதே, கேட்பதற்குத் தனியாக ஒன்று எதற்கு?

அதிர்வெண் குறைந்த இந்தத் தாழ்ந்த பட்டைகளில் வெளியிலிருந்து வரும் இரைச்சல், ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே ஆன்டெனா எவ்வளவு சிக்னலைப் பிடிக்கிறது என்பதைவிட, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதம் என்ன என்பதே ஒரு நிலையம் காதில் விழுமா விழாதா என்பதைத் தீர்மானிக்கிறது. சிறிய வளைய ஆன்டெனாவோ, தரைக்கு அருகில் நீளமாக இழுத்துக் கட்டும் பெவரேஜ் கம்பியோ அனுப்பும் ஆன்டெனாவைவிட மிகக் குறைவான மின்னழுத்தத்தையே தரும். ஆனால் வேண்டாத திசைகளிலிருந்து வருவதை அது தள்ளிவிடுவதால் விகிதம் மேம்படுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அமைத்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்க அமெச்சூர் சிக்னல்களைக் கேட்டது, நீளமாக இழுத்துக் கட்டிய பெவரேஜ் வகைக் கம்பியில்தான். அங்கே அவருக்கு அருகில் அனுப்பும் ஆன்டெனா எதுவும் நிற்கவில்லை. நம் நிலையங்களின் நிலை அப்படியன்று.

கேட்கும் ஆன்டெனாவுக்கு மாறிய பிறகு பெரிய ஆன்டெனா சும்மாதானே நிற்கிறது? அது எப்படி இரைச்சல் தரும்?

அது சும்மா நிற்பதில்லை. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும் எந்தக் கம்பியிலும், அந்த அதிர்வெண்ணில் வரும் அலை மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டம் மீண்டும் அலையாக வெளியேறும். 160 மீட்டருக்கான கால் அலைநீளச் செங்குத்துக் கம்பி சுமார் 40 மீட்டர் உயரம். 80 மீட்டருக்கு சுமார் 20 மீட்டர். வீட்டின் மின்கம்பிகளிலிருந்து கசியும் இரைச்சலை அவ்வளவு பெரிய கம்பி வாங்கி, அருகிலுள்ள கேட்கும் ஆன்டெனாவின் மீது மறுபடி வீசுகிறது.

இரண்டாவது வழியும் உண்டு. கணினி, மின்வழங்கி, எல்.இ.டி. விளக்கு, சூரிய மின்தகட்டு இன்வெர்ட்டர் போன்றவை உண்டாக்கும் இரைச்சல், நிலைய அறையிலிருந்து கோஆக்சியல் கேபிளின் வெளி உறை மீது காமன் மோட் மின்னோட்டமாக ஓடி, நேராக அனுப்பும் ஆன்டெனாவையும் அதன் ரேடியல்களையும் (செங்குத்தின் அடியைச் சுற்றிப் பரப்பிய கம்பிகள்) சென்றடைகிறது. அப்போது அந்த ஆன்டெனா, நம் வீட்டு இரைச்சலையே ஒலிபரப்பும் நிலையமாகிவிடுகிறது. முதல் வழிக்கு மருந்து துண்டிப்பு. இரண்டாவதற்குத் துண்டிப்புடன் சோக்கும் (கேபிளை ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையத்தில் சுற்றி, உறை மீது ஓடும் மின்னோட்டத்தைத் தடுப்பது) வேண்டும்.

மறுவீச்சு, இரைச்சலைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. வளைய ஆன்டெனாவின் சிறப்பே ஒரு திசையை ஏறக்குறைய முழுமையாக அடைத்துவிடும் அதன் செவிட்டுத் திசைதான். அந்தத் திசையிலிருந்து வருவதைப் பெரிய ஆன்டெனா வாங்கி வேறு பக்கத்திலிருந்து வளையத்துக்குள் செலுத்தினால், அடைத்த கதவு பக்கவாட்டில் திறந்துகொள்கிறது. ‘என் வளையத்தைச் சுற்றினால் எந்த வேறுபாடும் தெரியவில்லை’ என்ற புகாருக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

டிரான்சீவரின் பின்னால் கேபிளைக் கழற்றிவிட்டால் போதாதா?

பெரும்பாலும் போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அறைப்பக்கத்து முனையில் திறந்துவிட்ட கேபிள், ஆன்டெனாப் பக்கத்து முனையில் திறந்ததாகத் தெரிவதில்லை. கேபிளின் மின் நீளம் கால் அலையாக இருந்தால், இங்கே திறந்த முனை அங்கே குறுக்குச்சுற்றாக மாறிவிடும். வேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டுக் கேபிளில் அலையின் வேகம்) 0.66 உள்ள சாதாரண பாலித்தீன் கேபிளுக்கு, 1.83 மெகாஹெர்ட்ஸில் அந்த நீளம் ஏறத்தாழ 27 மீட்டர். பல நிலையங்களில் அறைக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே ஏறக்குறைய இந்த நீளம்தான் இருக்கும். கேபிளைக் கழற்றியவர் ஆன்டெனாவைத் துண்டித்துவிட்டதாக நம்புகிறார். உண்மையில் அதன் அடியை ரேடியல்களோடு இணைத்து, ஒத்ததிர்வை முழுமையாக்கியிருக்கிறார்.

பயன்படுத்தாத ஆன்டெனாக்களை நிலத்துடன் இணைக்கும் வகைச் சுவிட்சாக இருந்தால் கணக்கு தலைகீழாகும்: அதே 27 மீட்டர் கேபிள் இப்போது ஆன்டெனாவின் அடியில் ஆயிரம் ஓமுக்கு மேற்பட்ட மின்மறுப்பைக் காட்டும், கால் அலைச் செங்குத்தைத் துண்டிக்க அது போதும். ஆனால் 54 மீட்டர் கேபிளில் அதே சுவிட்ச் கெடுதல் செய்யும். கேபிள் நீளத்தைத் தெரிந்தே இப்படித் தேர்ந்தெடுத்து, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இல்லாமல் சமாளிப்பவர்களும் உண்டு. ஒரே பட்டைக்கு அது பயனுள்ள உத்திதான். இரண்டாவது பட்டைக்கு உதவாது, உறையின் மீது ஓடும் மின்னோட்டத்தையும் அது தடுக்காது.

கழற்றுவதற்குப் பதிலாக டம்மி லோடில் (திறனை வெப்பமாக்கி விழுங்கும் மின்தடை) இணைத்துவிட்டால், பிடித்த இரைச்சலை அது விழுங்கிவிடாதா?

பாதி மட்டுமே. பொருத்தமான லோடு இணைந்த ஆன்டெனாவில், அடி குறுக்குச்சுற்றானபோது ஓடும் மின்னோட்டத்தில் பாதி ஓடும். அதாவது மறுவீச்சு 6 டெசிபல் குறைகிறது. கேபிள் நீளம் எதுவானாலும் இந்தப் பலன் மாறாது என்பது இதன் நன்மை. ஆனால் நமக்கு வேண்டியது 20 டெசிபலோ அதற்கு மேலோ. அதற்கு ஆன்டெனாவின் அடியிலேயே திறப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

சரி, எந்த இடத்தில் துண்டிப்பது?

கேபிள் ஆன்டெனாவோடு சேரும் ஊட்டுப் புள்ளியில், ஆன்டெனாக் கம்பிக்கும் மற்ற அனைத்துக்கும் இடையில். ‘மற்ற அனைத்தும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொருத்தச் சுருள், பாலன், அன்அன் (கேபிளையும் ஆன்டெனாவையும் பொருத்தும் டிரான்ஸ்பார்மர் வகைகள்) எதுவாயினும் அவை ரிலேயின் கேபிள் பக்கத்தில் இருக்க வேண்டும். அடியில் நிலத்துக்குக் குறுக்கே ஒரு பொருத்தச் சுருள் இருக்கும்போது கேபிளை மட்டும் திறந்தால், கம்பி அந்தச் சுருள் வழியாக நிலத்தோடு இணைந்தே இருக்கும். வேறோர் அதிர்வெண்ணில் ஒத்ததிரவும் செய்யும்.

கால் அலைக் கம்பியின் அடியைத் திறந்ததும் அது எதனுடனும் சேராமல் நிற்கும் ஓர் உலோகத் துண்டாகிறது. அத்தகைய துண்டு அரை அலை நீளமாக இருக்கும் அதிர்வெண்ணில்தான், அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணில்தான் ஒத்ததிரும். நாம் கேட்கும் பட்டையில் அது ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. திறந்த ரிலேயின் தொடுமுனைகளுக்கு இடையே சில பைக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் இருக்கும். 5 பைக்கோஃபாரட் என்று கொண்டால் 1.83 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 17,000 ஓம். கவலைப்பட வேண்டியதில்லை.

என்னுடையது செங்குத்து அன்று, நடுவில் ஊட்டும் இரு கைகளுள்ள டைபோல். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், ஆனால் இரு கைகளையும் திறக்க வேண்டும். நடுக்கம்பியை மட்டும் திறந்தால் ஒரு கை கேபிள் உறையோடு இணைந்தே இருக்கும். உயரத்தில் தொங்கும் டைபோலின் நடுவில் ரிலே வைப்பதும், அதற்கு மின்கம்பி கொண்டுபோவதும் தொல்லை என்பதால், பலர் நடுவில் நல்ல சோக் ஒன்றை வைத்து, கேபிள் நீளத்தைக் கவனித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிடைமட்ட டைபோல், தாழ்வான செங்குத்து வகைக் கேட்கும் ஆன்டெனாவோடு குறைவாகவே இணைவதால் இந்த அளவு பலருக்குப் போதுமானதாகவும் இருக்கிறது.

பலர் கவனிக்காத ஒரு வலை இங்கே இருக்கிறது. 80 மீட்டர் டைபோலின் ஒரு கை சுமார் 20 மீட்டர். அதன் கேபிள் இன்னொரு 20 மீட்டர் செங்குத்தாக இறங்கித் தரையை அடைந்தால், உறையும் கையும் சேர்ந்து 40 மீட்டர். அது 160 மீட்டர் பட்டைக்குச் சரியான கால் அலைச் செங்குத்து. அந்த டைபோலை 160 மீட்டரில் பயன்படுத்தாதவருக்கு அது மறுவீச்சுக்குக் காரணமாக இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. டைபோலின் நடுவிலும் கேபிள் தரையை அடையும் இடத்திலும் சோக் வைத்தால் இது அடங்கும்.

முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பியில் ரிலே வைத்தும் பயனில்லை. ஏன்?

அரை அலைக் கம்பி எதனுடனும் இணையாமலே ஒத்ததிரக்கூடியது. முனையைத் திறப்பதால் அதற்கு எந்த மாற்றமும் இல்லை. இதற்கு எதிர்மாறான சிகிச்சை வேண்டும். தரையில் நிற்கும் அரை அலைச் செங்குத்தானால், கேட்கும் நேரத்தில் அடியை ரேடியல்களோடு குறுக்குச்சுற்றாக இணைக்க வேண்டும். கிடைமட்டக் கம்பியானால் முனையை நிலத்தோடு இணைத்துப் பார்க்கலாம், ஆனால் நிலக்கம்பியின் நீளமும் கணக்கில் சேர்ந்துவிடுவதால் அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

80 மீட்டருக்கான 40 மீட்டர் நீள அரை அலைக் கம்பி 160 மீட்டரில் கால் அலையாகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பட்டையில் கேட்பவர், ‘எந்த இடத்தில் துண்டிப்பது’ என்ற பதிலில் சொன்னபடி, டிரான்ஸ்பார்மரின் கம்பிப் பக்கத்தில் திறந்தால் பலன் கிடைக்கும்.

டவரையே நிலத்தோடு இணைத்து ஆன்டெனாவாகப் பயன்படுத்துகிறேன். அதை எப்படித் திறப்பது?

திறக்க முடியாது, ஒத்ததிர்வைத்தான் நகர்த்த வேண்டும். உச்சியில் பெரிய யாகி ஆன்டெனாவைச் சுமக்கும் 20 முதல் 25 மீட்டர் டவர், உச்சிச் சுமையின் காரணமாக 160 மீட்டர் பட்டைக்கு அருகில் ஒத்ததிர்வது வழக்கம். டவருக்கு இணையாக, சற்று விலக்கி, மேலே டவரோடு இணைத்து இறக்கிய ஒரு கம்பியின் கீழ்முனையை மாறு மின்தேக்கி வழியாக நிலத்தோடு சேர்த்து, டவரில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறையும் வரை அதைத் திருப்ப வேண்டும். நடுத்தர அலை ஒலிபரப்பு நிலையங்களின் அருகிலுள்ள பிற கோபுரங்களை அடக்குவதற்கும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

காமா கம்பி (டவருக்கு இணையாக இறக்கி, சிக்னலை ஊட்டும் கம்பி) வழியாக ஊட்டப்படும் டவரில் அந்தக் கம்பியே இந்த வேலையையும் செய்யலாம்: அனுப்பும்போது ஒரு மின்தேக்கி, கேட்கும்போது ரிலே வழியாக வேறொன்று. காமா கம்பியை வெறுமனே திறந்து வைப்பது எதையும் சாதிக்காது. டவர் நிலத்தோடு இணைந்தபடியே ஒத்ததிர்ந்துகொண்டிருக்கும்.

எத்தகைய ரிலே வாங்க வேண்டும்?

தொடுமுனைகள் சுமக்க வேண்டிய மின்னோட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 வாட் 50 ஓமுக்குள் செல்லும்போது 1.4 ஆம்பியர்; 1000 வாட் 36 ஓம் கால் அலைச் செங்குத்துக்குள் செல்லும்போது 5.3 ஆம்பியர். 10 அல்லது 16 ஆம்பியர் தாங்கும், தொடுமுனை இடைவெளி பெரிதாக உள்ள திறந்த வகை மின் ரிலே தாழ்ந்த பட்டைகளில் இதைச் செம்மையாகச் செய்யும். அரை அலை ஆன்டெனாவின் முனையில் நிலைமை வேறு: 2500 ஓமில் 1000 வாட் என்றால் சுமார் 1580 வோல்ட். அரை அலைக் கம்பி பற்றிய பதிலில் சொன்ன குறுக்குச்சுற்று ரிலே அனுப்பும்போது திறந்திருக்கும் என்பதால், அந்த அழுத்தம் முழுவதும் அதன் இடைவெளியின் மீது விழும். அங்கே வெற்றிட ரிலேதான் பொருத்தம்.

ரிலேயின் கட்டுப்பாட்டுக் கம்பியும் ஒரு கடத்தி என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரைச்சல் அதன் வழியாகவும் ஓடும். கேபிளோடு சேர்த்து அதையும் ஃபெரைட் வளையத்தில் சுற்றிவிடுங்கள்.

ரிலே மூடுவதற்கு முன் அனுப்பத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்?

தொடுமுனைகளுக்கு இடையே பொறி பறக்கும், எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவுக்குள் போகாமல் திரும்பும் அலையைக் காட்டும் அளவு) உச்சத்துக்குப் போகும், பவர் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதற்கும் ஆபத்து. திறந்த வகை ரிலே மூட 10 முதல் 20 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கேட்கும் ஆன்டெனா விலக வேண்டும், அடுத்து அனுப்பும் ஆன்டெனா இணைய வேண்டும், பிறகு ஆம்ப்ளிஃபயர், கடைசியில்தான் சிக்னல். முடிக்கும்போது இதே வரிசை தலைகீழாக. பல டிரான்சீவர்களின் மெனுவில் அனுப்பும் தாமதத்தைக் கூட்டும் வசதி உண்டு. இல்லையென்றால் இந்த வரிசையைக் காக்கும் சீக்வென்சர் என்ற கருவி தேவை. மோர்ஸில் ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே கேட்க விரும்பும் முழு பிரேக்-இன் பழக்கத்துக்கு இந்த ரிலே ஒத்துவராது. வேகமான வெற்றிட ரிலே வேண்டும், இல்லையேல் அந்தப் பழக்கத்தைத் தாழ்ந்த பட்டைகளில் விட்டுவிட வேண்டும்.

கட்டுப்பாட்டு மின்சாரம் நின்றுபோனால் ரிலே எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. கால் அலைச் செங்குத்தில், மின்சாரம் இல்லாதபோது ஆன்டெனா இணைந்தே இருக்க வேண்டும் என்பது என் தேர்வு. பழுது ஏற்பட்டால் இரைச்சல் மட்டுமே திரும்பி வரும்; கருவி எதுவும் கருகாது.

அனுப்பும்போது கேட்கும் ஆன்டெனா வழியாக ரிசீவர் பழுதாகாதா?

ஆகக்கூடும். இரு ஆன்டெனாக்களுக்கும் இடையே 30 டெசிபல் தனிமை இருந்தாலும், 1000 வாட் அனுப்பும்போது 1 வாட் திரும்பி வரும். ரிசீவரின் முகப்புக்கு அது மிக அதிகம், சிறிய எஸ்.டி.ஆர். (மென்பொருள்வழி இயங்கும் ரிசீவர்) கருவிகளுக்கு இன்னும் அதிகம். டிரான்சீவரின் தனி ஏற்பு உள்ளீடு அனுப்பும்போது உள்ளேயே துண்டிக்கப்படுகிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு, எப்படியிருந்தாலும் வெளியே ஒரு ரிலேயும் மிகுந்த சிக்னலை வெட்டும் டையோடு வரம்பியும் வையுங்கள். முன்பெருக்கி இருந்தால் வரம்பி அதற்கு முன்னால் வர வேண்டும்.

ரிலே வைத்தேன், வரிசையும் சரி. இருந்தும் இரைச்சல் குறையவில்லையே?

முதலில், இரைச்சல் வீட்டிலிருந்து வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். ரிசீவரை பேட்டரியில் இயக்கி, வீட்டின் பிரதான மின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அப்போதும் மாற்றமில்லை என்றால், தொலைவிலிருந்து வருவதைத் துண்டிப்பால் குறைக்க முடியாது. கேட்கும் ஆன்டெனாவின் திசைத்தன்மைதான் உதவ வேண்டும்.

அணைத்ததும் அமைதியாகிவிட்டால், இரண்டாம் கேள்வியில் சொன்ன காமன் மோட் வழியைத் தேடுங்கள். இப்போது சந்தேகிக்க வேண்டியது இரு கேபிள்களின் உறைகளையும். கலவை எண் 31 ஃபெரைட்டின் 2.4 அங்குல வளையத்தில் பத்துக்கு மேற்பட்ட சுற்றுகளாகக் கேபிளைச் சுற்றினால், தாழ்ந்த பட்டைகளில் சில ஆயிரம் ஓம் மின்தடைத் தன்மையுள்ள தடுப்புக் கிடைக்கும். கேபிளின் மீது மாட்டும் ஒன்றிரண்டு சிறு ஃபெரைட் மணிகள் 1.8 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய எதையும் செய்யாது. பலர் அவற்றை மாட்டிப் பார்த்துவிட்டு, சோக்கே பயனற்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கேட்கும் ஆன்டெனாவின் டிரான்ஸ்பார்மரில் இரு சுற்றுகளும் தனித்தனியாக, ஒன்றோடொன்று இணையாமல் இருக்க வேண்டும். அதன் நிலத்தண்டு, அனுப்பும் ஆன்டெனாவின் ரேடியல்களோடு சேரக் கூடாது. ரேடியல்களில் ஏறிய இரைச்சல் அந்த இணைப்பு வழியாகப் புதிய ஆன்டெனாவுக்குள் நேராக நுழைந்துவிடும்.

எஸ் மீட்டர் (ரிசீவரில் சிக்னல் வலிமையைக் காட்டுவது) இரண்டு புள்ளி இறங்கிவிட்டது. வெற்றிதானே?

அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இரைச்சலோடு சிக்னலும் அதே அளவு இறங்கியிருந்தால் எதுவும் கிடைக்கவில்லை. ஐ.ஏ.ஆர்.யு. (பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம்) முதல் மண்டலத்தின் 1981 பரிந்துரைப்படி ஒரு எஸ் புள்ளி 6 டெசிபல். ஆனால் பல ரிசீவர்களின் மீட்டர், குறிப்பாகக் கீழ்ப்பகுதியில், இந்த அளவைப் பின்பற்றுவதில்லை.

பகல் நேரத்தில், தரை அலையாக வரும் ஒரு நிலையான பலவீனச் சிக்னலை எடுத்துக்கொள்ளுங்கள். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள நண்பர் குறைந்த திறனில் வெறும் கேரியர் அனுப்பினால் போதும். ஏ.ஜி.சி.யை (தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு) அணைத்து, ரிசீவரின் ஒலி வெளியீட்டு மின்னழுத்தத்தைச் சிக்னலோடும் இல்லாமலும் அளந்து, அனுப்பும் ஆன்டெனாவின் ரிலே மூடியபோதும் திறந்தபோதும் அந்த விகிதத்தை ஒப்பிடுங்கள். வளைய ஆன்டெனா என்றால் அந்தக் கேரியரை செவிட்டுத் திசையில் வைத்து ரிலேயை இயக்குவது இன்னும் தெளிவான சோதனை: ரிலே திறந்ததும் செவிட்டுத் திசை ஆழமானால், மறுவீச்சு உண்மையாகவே இருந்தது, இப்போது குறைந்துவிட்டது.

இரவில் வான அலைகளை வைத்து ஒப்பிடுவதானால், சிக்னல் ஏறி இறங்குவதால் ஒரே அளவீட்டை நம்ப முடியாது. விஸ்பர் (WSPR) என்ற பலவீனச் சிக்னல் டிஜிட்டல் முறையின் இரண்டு நிமிடக் கட்டங்களில் ரிலேயை மாற்றி மாற்றி வைத்து, நீண்ட நேரத்துக்குச் சராசரி எடுப்பது நல்லது.

ரிலே, சீக்வென்சர் என்று இவ்வளவு தொல்லைக்குப் பதில், கேட்கும் ஆன்டெனாவைத் தள்ளி வைத்தால் ஆகாதா?

இடமிருந்தால் அதுவே சிறந்தது. அரை அலைநீளத் தொலைவு நல்ல தொடக்கம். 80 மீட்டர் பட்டைக்கு சுமார் 40 மீட்டர், 160 மீட்டருக்கு சுமார் 80 மீட்டர். அவ்வளவு நிலம் பலருக்கு இல்லை. கிடைக்கும் இடத்துக்குள், வீட்டிலிருந்தும் அனுப்பும் ஆன்டெனாவிலிருந்தும் ஒருசேர விலகிய மூலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டில் ஒன்றிலிருந்துதான் விலக முடியும் என்றால் வீட்டிலிருந்து விலகுவதே மேல். அனுப்பும் ஆன்டெனாவை ரிலேயால் மறையச் செய்யலாம், வீட்டைச் செய்ய முடியாது.

உயர்ந்த பட்டைகளிலும் இதைச் செய்யலாமா?

தேவை குறைவு. அங்கே அனுப்பும் ஆன்டெனாவே திசைத்தன்மை உடையதாக இருக்கும். மேலும் திறந்த ரிலேயின் தொடுமுனைகளுக்கிடையே உள்ளதாகச் சொன்ன 5 பைக்கோஃபாரட், 28 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1,100 ஓமாகக் குறைந்து, துண்டிப்பின் தரமும் இறங்கிவிடும்.

அடி திறந்த நிலையில் நிற்கும் ஆன்டெனாவில் நிலைமின்னூட்டம் சேராதா? இடி மின்னல் நேரத்தில் ரிலே பாதுகாப்புத் தருமா?

நிலைமின்னூட்டம் கட்டாயம் சேரும். காற்றும் மழையும் கொண்டுவரும் மின்னூட்டம் வெளியேற வழியின்றி ஏறி, தொடுமுனைகளுக்கிடையே பொறியாகக் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் கேட்கும் ஆன்டெனாவில் ஒரு வெடிப்பொலி. ரிலேயின் ஆன்டெனாப் பக்கத்திலிருந்து நிலத்துக்கு 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். 36 ஓம் செங்குத்தில் 1000 வாட் அனுப்பும்போதும் அதன் மீது 190 வோல்ட்தான், அது செலவிடுவது அரை வாட்டுக்கும் குறைவு. அரை அலையின் முனையில் அதே மின்தடை 25 வாட்டைச் சூடாக்கும் என்பதால், அங்கே மெகா ஓம் அளவில் பல மின்தடைகளைத் தொடராக இணைக்க வேண்டும்.

மின்னலுக்கு எதிராக ரிலே எந்தப் பாதுகாப்பும் தராது. சில மில்லிமீட்டர் இடைவெளி அதற்கு ஒரு பொருட்டே அன்று. மழைக்காலத்தில் கேபிள்களையும் ரிலேயின் கட்டுப்பாட்டுக் கம்பியையும் வீட்டுக்கு வெளியிலேயே கழற்றி, நிலத்தண்டோடு இணைத்து வையுங்கள். கட்டுப்பாட்டுக் கம்பியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.